ஆக்கிரமிப்பாளர் என்பவர் யார்? சென்னைக் குடிசைப்பகுதிகளும் நிலத்தின் சட்டமும்

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் தலைமுறைகளாக வாழும் உழைக்கும் மக்களில் கணிசமானோர் தலித்துகள். அவர்களை வெளியேற்றும்போது அரசு பயன்படுத்தும் ஒரே சொல் 'ஆக்கிரமிப்பாளர்' என்பது. அச்சொல்லை இரண்டு ஆவணங்களே தீர்மானிக்கின்றன.

முதலாவது, குடிசைப்பகுதி அறிவிக்கை. தமிழ்நாடு குடிசைப்பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம், 1971இன் 3ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பட்ட பகுதிக்கே அச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகள் இப்பட்டியல் நீளவில்லை, குடியிருப்புகளோ பெருகின.

இரண்டாவது, நில வகைப்பாடு. ஆட்சேபணையற்ற புறம்போக்கில் குடியிருப்போர் பட்டா கோரலாம். நீர்நிலைப் புறம்போக்கில் அதற்கு வழியில்லை. ஆனால் பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயிலேயே நிற்கின்றன. நீர்வழியைக் காக்கும் விதி குடிசைக்கு மட்டும் கடுமையாவது ஏன்?

நீதிமன்றத் தீர்ப்புகளின் எல்லையையும் அறிதல் வேண்டும். ஓல்கா டெல்லிஸ் வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம் வாழ்வாதாரத்தை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. வெளியேற்றத்தைத் தடை செய்யவில்லை. இடிப்புக்கு முன் 15 நாள் அறிவிப்பு தேவை என்ற நவம்பர் 2024 தீர்ப்பு, சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை ஆகியவற்றில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்குப் பொருந்தாது. ஆகவே, 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் 7ஆம் பிரிவின்கீழ் வரும் அறிவிப்புக்கு எழுத்துமூலம் விளக்கமளித்து, ஒப்புகை பெறுவது இன்றியமையாதது. மேல்முறையீட்டுக்கும் அச்சட்டத்தில் இடமுண்டு. நில வகைப்பாட்டையும் அறிவிக்கை நிலையையும் தகவல் உரிமைச் சட்டத்தின்வழி முன்கூட்டியே பெற்று வைத்தல் நலம்.

பூசல் அரசோடு முடிவதில்லை. ஒரே குடிசையில் வாழும் இரண்டு மூன்று குடும்பங்களுக்கு ஒரே வீடு ஒதுக்கப்படும்போதும், வாடகைக்கு இருப்போர் பட்டியலில் விடுபடும்போதும் அது உறவுகளுக்குள் புகுகிறது. கணக்கெடுப்புப் பட்டியலைக் குடியிருப்பிலேயே எல்லோர் முன்னும் படித்து, திருத்தக் காலம் கேட்பதே இதைத் தவிர்க்கும் வழி.

2021இல் குடிசை மாற்று வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. ஆயினும், வெள்ள அபாயம் என்று கூறிக் கரையிலிருந்து அகற்றப்பட்டோர் குடியேற்றப்பட்டது, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையொட்டி மழைநீர் தேங்கும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும்தான். வேலையும் பள்ளியும் நகருக்குள்ளேயே தங்கிவிட்டன. வாழும் இடத்திலேயே, இயலாவிடில் அதன் அருகிலேயே வீடு என்னும் கோரிக்கை சலுகை அன்று. நகரைக் கட்டியவர்களின் உரிமை.