தொப்புளைச் சுற்றி 14 ஊசி

நாய் கடித்த பிள்ளைகளில் பலர் வீட்டுக்கு வந்ததும் காயத்தை மறைக்கப் பார்க்கிறார்கள். முள் கிழித்தது என்பார்கள். நாயைவிட அவர்களுக்குப் பயம், தொப்புளைச் சுற்றிப் போடப்போவதாகக் கேள்விப்பட்ட ஊசிகள். 14 என்பார்கள், சில ஊர்களில் 16. அந்த ஊசியை நாம் கைவிட்டு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அன்று உண்மை

இந்தப் பயம் யாரோ கட்டிவிட்டதல்ல. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசி, வெறிநோய்க் கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையிலிருந்து தயாரானது. பல தலைமுறைகள் அதைத்தான் போட்டுக்கொண்டன. வயிற்றில், நாளுக்கு ஒன்றாக, காயத்தைப் பொறுத்து 14 நாட்கள்வரை. வலித்தது, வீங்கியது, அரிதாகச் சிலருக்கு வாதமும் வந்தது. 2004 இறுதியோடு இந்தியா அதை நிறுத்திவிட்டது.

இப்போதைய ஊசி வேறு. மேல்கையில், தோலுக்குள் போடுகிறார்கள். முதல் ஊசி அன்றே; அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடி. தசையில் போடும் முறையென்றால் ஒருமுறை கூடும். ஆனால் வலித்தவர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வலிக்காமல் போட்டுக்கொண்டவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. அதனால் பழைய கதையே ஊரில் தங்கிவிட்டது.

பச்சிலைக்குப் பேர் வந்த விதம்

ஊசிக்குப் பயந்தவர் பச்சிலைச் சாற்றுக்கும் மந்திரித்த கயிற்றுக்கும் போகிறார். "எங்க மாமாவுக்கு இதைத்தான் குடுத்தாங்க, நல்லாத்தானே இருக்கார்" என்று ஒருவர் வழிகாட்டுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. கடிக்கும் நாயெல்லாம் வெறிநாய் அல்ல. வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. பச்சிலை குடித்துப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் குடிக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். ஆனால் பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார். இறந்தவர் வந்து மறுத்துச் சொல்ல முடியாது.

நோயின் மெத்தனமும் பச்சிலைக்குக் கைகொடுக்கிறது. கிருமி நரம்பு வழியே மூளைக்கு ஊர்ந்து போகப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஓராண்டுகூட. தை மாதம் கடித்திருக்கும், சித்திரையில் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும். இடையில் புண் ஆறியிருக்கும், நாயையே மறந்திருப்பார்கள். வைத்தியம் பலித்ததாக நாலு பேரிடம் சொல்லியும் முடித்திருப்பார்கள். பிறகு நோய் கண்டால், பத்தியம் தவறியதுதான் காரணம் என்பார்கள். மருந்தின் மேல் பழி விழுவதே இல்லை. தொண்டைத் தசை இழுத்துப் பிடிப்பதால் எழும் ஓசையை நாய்க் குரைப்பு என்பார்கள். அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

நாட்டு வைத்தியரிடம் போகிறவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நாலு முறை ஆஸ்பத்திரி என்றால் நாலு நாள் கூலி போகிறது. வைத்தியர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், உட்காரவைத்து ஆறுதலாகப் பேசுகிறார். இந்த ஆறுதல் நம் ஊசி அறைகளிலும் கிடைக்க வேண்டும்.

பாதி கேட்ட விதி

"நாயைப் பத்து நாள் பார்ப்போம், செத்தால் ஊசி போடலாம்" என்பது படித்தவர்கள் வீட்டிலும் கேட்கும் பேச்சு. இது மருத்துவ விதிதான், பாதி மட்டும். ஊசியை உடனே தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். 10 நாளுக்குப் பிறகும் நாய் நலமாக இருந்தால், மீதியை நிறுத்தலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். வளர்ப்பு நாய், குட்டி நாய், பூனை என்றால் பயமில்லை என்பதும் தவறு. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் சோப்பு

மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அவை புண்ணைத்தான் எரிக்கும். குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசியோடு காயத்துக்குள்ளும் ஒரு மருந்து செலுத்த வேண்டும். தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பு உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்; அதுவரை காவல் அந்த மருந்துதான்.

பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்: ஊசி கையில்தான், நாய் பிராண்டினாலும் வந்து சொல், திட்ட மாட்டேன்.