அலைக்கு ஒன்று, எறும்புக்கு ஒன்று

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை இயற்பியல்)

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது முதுமொழி. கடலோரத்தில் பிறந்த எனக்கு இதனைப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும் கடலில் காட்டும் எச்சரிக்கையைக் கடைவீதியில் காட்டத் தவறினேன். அதன் விளைவாக, என் அன்னை ஈராண்டு காலம் சீட்டுக் கட்டிச் சேர்த்த 9,000 ரூபாய் ஒரே மாலையில் வீணாயிற்று. அந்த நட்டத்தின் வழியே நான் கற்றவற்றை என் சக மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் ஊர் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம். கட்டுமரத்தில் வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்று பலகையின் மேல் நின்று அலைச்சறுக்கு ஆடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் அருகிலுள்ள மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடைபெற்றது. என் தம்பியும் பலகை ஏறியவன். அவன் அலைமேல் நிற்கும் கணத்தைப் படமாக்க வேண்டும் என்பது என் முதல் ஆசை. கரையில் படர்ந்து கிடக்கும் அடும்பங்கொடியின் இலைக்காம்பில் சுரக்கும் தேனை நாடி எறும்புகள் வரும். அவற்றை மிக அண்மையில் படமெடுக்க வேண்டும் என்பது இரண்டாவது ஆசை. கையில் இருந்ததோ பழைய டிஜிட்டல் காமிரா ஒன்றும், அதனுடன் வந்த சிறிய லென்ஸும் மட்டுமே.

ஏமாந்த கதை

சென்னையில் பழைய காமிராக்கள் விற்கும் ஒரு கடைக்குச் சென்றேன். கடைக்காரர் ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாத ஒரு லென்ஸை எடுத்து வைத்து, “பத்திரிகைக்காரங்க வெச்சிருக்கிறது தம்பி. எஃப் 2.8! இந்த விலைக்கு எங்கேயும் கிடைக்காது” என்றார். அதன் பருமனைக் கண்டே நான் மயங்கிவிட்டேன். மறுநாள் காலை கடற்கரையில் எடுத்த படங்கள் அனைத்தும் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன. கடைக்குத் திரும்ப ஓடினேன். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

எங்கள் துறைப் பேராசிரியரிடம் அந்த லென்ஸைக் காட்டினேன். அவர் பேசாமல் ஆய்வகத்திலிருந்து ஒரு டார்ச் விளக்கை எடுத்து, லென்ஸின் பின்புறமிருந்து ஒளியைச் செலுத்தினார். உள்ளே சிலந்தி வலை பின்னியதுபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. “ஒளியியல் படிக்கிறாய், வாங்கும்போது ஒளியைப் போட்டுப் பார்க்கவில்லையா?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அன்னையிடம் சொல்லவும் துணிவில்லை.

அலைக்கு வேண்டியது எது?

பழைய லென்ஸ் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘இது நல்ல லென்ஸா?’ என்பதன்று. ‘என் வேலைக்கு எது இன்றியமையாதது, எது தேவையற்றது?’ என்பதே. தேவையற்றதற்குக் கொடுக்கும் பணந்தான் விலையை ஏற்றுகிறது.

அலைச்சறுக்கு வீரர் கரையிலிருந்து 100 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். என் காமிராவின் உணர்தகடு ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் அகலமுடையது. குவியத் தூரம் 50 மில்லிமீட்டர் உள்ள லென்ஸில் அத்தொலைவில் 44 மீட்டர் அகலக் கடல் படத்தில் விழும். ஆள் ஒரு புள்ளியாகத் தெரிவார். 250 மில்லிமீட்டர் லென்ஸில் விழும் அகலம் 9 மீட்டருக்கும் குறைவு. ஆளும் அலையும் சட்டத்தை நிறைப்பர். ஆகவே முதல் தேவை நீளம்.

இரண்டாவது தேவை வேகம். வீரர் விநாடிக்கு 6 மீட்டர் விரைந்தால், 1/1000 விநாடியில் அவர் நகர்வது 6 மில்லிமீட்டரே. அந்த அசைவு படத்தில் தெரியாது. இவ்வளவு குறுகிய நேரத்திற்குப் போதிய ஒளி கிடைக்குமா என்றால், நம் கடற்கரை வெயிலில் தாராளமாகக் கிடைக்கும். நல்ல வெயிலில் எஃப் 16 துவாரத்திற்கு, ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழே விநாடிக் கணக்கு என்பது படக்கலைஞர்களின் பழைய வாய்பாடு. ஐ.எஸ்.ஓ. 200 என்றால் எஃப் 16-இல் 1/200 விநாடி, எஃப் 5.6-இல் 1/1600 விநாடி. அவ்வாறாயின், ஒளி குறைந்த மண்டபத்திற்கென்று செய்யப்பட்ட எஃப் 2.8 லென்ஸுக்கு நான் ஏன் பணம் கொடுத்தேன்?

கை நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பும் இங்கே பெரிதாக உதவாது. அது நம் கையின் அசைவைத்தான் ஈடுசெய்யும்; அலையின் அசைவையன்று. ஆனால் தானாகக் குவியும் பொறி விரைவாக இயங்குவது இன்றியமையாதது. இங்கே ஒரு எச்சரிக்கை: நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் காமிராக்களுக்குள் குவிய மோட்டார் கிடையாது; மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப். லென்ஸை அவற்றில் மாட்டினால் கையால்தான் குவிக்க வேண்டும். கேனனில் 1987-இல் வந்த இ.எஃப். வரிசைத் தானியங்கி லென்ஸ்களில் மோட்டார் லென்ஸிலேயே உள்ளது. அதற்கு முந்தைய எஃப்.டி. லென்ஸ்களோ இக்காமிராக்களில் நேரே பொருந்தா.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, விடுமுறை நாட்களில் மீன் ஏலத்தில் கணக்கெழுதிச் சேர்த்த பணத்தில் 6,500 ரூபாய் கொடுத்து, கேனன் 55-250 எஸ்.டி.எம். லென்ஸைப் பழையதாக வாங்கினேன். பார்வைக்கு எளியது, பிளாஸ்டிக் உடல், கழுத்தை வலிக்கச் செய்யாத எடை. என் வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

எறும்புக்கு வேண்டியது எது?

அண்மைப் படத்தில் நிலைமை தலைகீழாகிறது. இங்கே குவியும் பொறி வேண்டியதில்லை. லென்ஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, நம் உடலையே முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக் குவிக்கலாம். ஆகவே, தானியங்கி வசதி இல்லை என்று பலர் ஒதுக்கிய பழைய லென்ஸ்களே நமக்குப் புதையல்.

சோவியத் நாட்டு ஜெனித் காமிராவுடன் வந்த ஹீலியோஸ் 44-2 என்னும் 58 மில்லிமீட்டர் லென்ஸ் எனக்குக் குறைந்த விலையில் கிடைத்தது. அதன் எம்42 மரையை ஒரு மெல்லிய வளையத்தின் துணையால் கேனனில் பொருத்தலாம். காமிராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் வெற்றுக் குழாய்களை நுழைத்தால் உருவம் பெரிதாகும். குழாயின் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். 52 மில்லிமீட்டர் குழாய்க்கு 52/58, அதாவது ஏறத்தாழ 0.9. எறும்பு தன் உண்மை அளவிலேயே உணர்தகட்டில் விழுகிறது என்று கூறலாம். குழாயினுள் கண்ணாடி ஏதும் இல்லாமையால் மலிவானதும் நன்றாகவே உழைக்கும். துவாரத்தை மாற்றும் வளையம் லென்ஸிலேயே இருப்பதும் பழைய லென்ஸின் நன்மை.

ஆயினும் இரு இடர்கள் உண்டு. உண்மை அளவுப் படத்தில் எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆழம் வேண்டித் துவாரத்தை மிகச் சுருக்கினால், அலைவிலகலால் படம் மழுங்கும். ஏனெனில் இந்நிலையில் எஃப் 8 என்பது எஃப் 16-க்கு ஒப்பாகிவிடுகிறது. மற்றோர் இடர், எறும்பை மிகவும் நெருங்க வேண்டியிருப்பது. நம் நிழல் பட்டாலே அது ஓடிவிடும்.

ஓடும் உயிர்களுக்கு வேறொரு வழி உண்டு. 250 மில்லிமீட்டர் லென்ஸின் முகப்பில் +2 திறனுள்ள அண்மை வில்லையைத் திருகினால், அரை மீட்டர் தொலைவிலிருந்தே பாதி அளவு உருவம் கிடைக்கும். +2 வில்லையின் குவியத் தூரம் 500 மில்லிமீட்டர். 250-ஐ 500-ஆல் வகுக்க அரை வருகிறது. அலைக்கு வாங்கிய லென்ஸே மணல் நண்டுக்கும் பயன்படுகிறது!

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சில தூசிகளால் தீங்கில்லை. வலைபோன்ற பூஞ்சையும் புகைபோன்ற படலமும் இருந்தால் வேண்டாம்.

2. முன்கண்ணாடியில் உள்ள சிறு கீறல் படத்தைப் பெரிதும் கெடுக்காது. விலையைக் குறைத்துக் கேட்க உதவும். பின்கண்ணாடியின் கீறலே மிகுந்த கேடு செய்யும்.

3. துவாரத் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

4. வளையங்களைத் திருப்பும்போது மணல் அரைபடும் ஒலி கேட்டால் அது கடற்கரையில் உழைத்த லென்ஸ் என்று அறிக. உலோக முனைகளில் பச்சை பிடித்திருந்தால் உப்புக்காற்றின் வேலை.

5. உங்கள் காமிராவையே எடுத்துச் செல்லுங்கள். சுவரில் ஒட்டிய செய்தித்தாளைப் படமெடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கலாம்.

6. வெளிச்சத்தை நோக்கி ஒரு படம் எடுங்கள். என் லென்ஸின் குற்றம் அந்த ஒரு படத்திலேயே தெரிந்திருக்கும். கிழக்குக் கடற்கரையில் காலைக் கதிரவன் நமக்கு எதிரே எழுவதால் இச்சோதனை நமக்கு மிக முக்கியம். பிற்பகலில் வெயில் நம் முதுகுப்புறம் வரும். அலைப்படத்திற்கு அதுவே ஏற்ற பொழுது.

வாங்கிய பின் ஈரம் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்துக் காக்க வேண்டும். கரையில் நின்று லென்ஸை மாற்றலாகாது.

முடிவுரை

சென்ற மாசி மாதம் ஒரு பிற்பகலில் தம்பியின் படம் கிடைத்தது. பலகையின் நுனியில் தெறித்த துளிகள்கூட ஒவ்வொன்றாக எண்ணத்தக்கவாறு நின்றன. அதை அச்சிட்டு அன்னையிடம் கொடுத்தேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார். அப்போதுதான் அந்த 9,000 ரூபாயின் கதையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “வலை வாங்கப் போனா ஒவ்வொரு கண்ணியா இழுத்துப் பாத்துத்தானே வாங்குறோம்? நீ ஏன்டா பாக்கல?” என்று மட்டும் கேட்டார்.

பேராசிரியர் கேட்டதும் இதே கேள்விதான். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது டார்ச் விளக்குடன் அன்னையையும் அழைத்துச் செல்வதாக இருக்கிறேன்.