கண்ணாடி திசை தப்பினால் வண்டியைச் சுற்று!

இரவில் வண்டி ஓட்டுகிறவருக்கு எதிரே வரும் வண்டி மட்டும் எதிரி அல்ல. பின்னால் வரும் வண்டியும் எதிரிதான்!

பின்னால் வருகிறவர் விளக்கைப் பளிச்சென்று போட்டுக்கொண்டு வருவார். அந்த வெளிச்சம் டிரைவருக்கு முன்னால் தொங்கும் கண்ணாடியில் பட்டு, நேராக அவர் கண்ணில் பாயும். கண் கூசும். ஒரு கணம் பாதை தெரியாது. விபத்து நேர அந்த ஒரு கணம் போதும்!

இந்தத் தொல்லையைக் குறைக்க வந்ததுதான் மின்சாரக் கண்ணாடி. அமெரிக்காவில் விவசாயிகளும் தொழிலாளர்களும் சாமான் ஏற்றிச் செல்லும் "பிக்-அப்" லாரிகள் பலவற்றில் இது இருக்கிறது.

தானே கறுக்கும்!

பார்ப்பதற்கு ஒரே கண்ணாடி போலத் தோன்றும். உண்மையில் அது இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே கூழ் போன்ற ஒரு ரசாயனப் பொருள். மின்சாரம் பாய்ந்தால் அது கறுக்கும். மின்சாரம் நின்றால் மீண்டும் தெளியும்.

எப்போது கறுக்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதற்கு இரண்டு "கண்"கள் உண்டு. ஒன்று முன்னால் பார்க்கும். மற்றொன்று பின்னால் பார்க்கும். முன்னால் இருட்டு, பின்னால் வெளிச்சம் என்றால், "இது இரவு. பின்னால் வண்டி வருகிறது" என்று கண்ணாடி புரிந்துகொள்ளும். உடனே கறுத்துவிடும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஜென்டெக்ஸ் கம்பெனி 1987-ம் ஆண்டில் இந்த வகைக் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1974-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி, முதலில் செய்தது புகையைக் கண்டுபிடிக்கும் கருவி!

திசையும் சொல்லும்!

சில கண்ணாடிகளின் மூலையில் ஓர் எழுத்து ஒளிரும். வண்டி வடக்கே போகிறதா, தெற்கே போகிறதா என்று அது சொல்லும். உள்ளே இருக்கும் சிறு கருவி பூமியின் காந்த சக்தியை உணர்ந்து இதைச் சொல்கிறது.

ஆனால், சில சமயம் வண்டி கிழக்கே போகும்போது கண்ணாடி "வடக்கு" என்று சாதிக்கும். "கண்ணாடி கெட்டுவிட்டது" என்று பணத்தைச் செலவு செய்து புதிது வாங்கிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். கண்ணாடி கெடவில்லை, ஏமாந்துவிட்டது!

லாரி இரும்பால் ஆனது. அந்த இரும்பிலும் கொஞ்சம் காந்தம் ஏறும். பூமியின் காந்தம் எது, லாரியின் காந்தம் எது என்று கருவி குழம்பிவிடும். காந்தத்தால் ஒட்டிவைக்கும் ரேடியோ ஏரியல், காகிதம் செருகும் காந்தப் பிடி ஆகியவையும் அதைக் குழப்பும். முதலில் அவற்றை எடுத்துவிட வேண்டும்.

வட்டம் போட்டால் தீரும்!

அடுத்து, வண்டியை வட்டமாக ஓட்ட வேண்டும். வேடிக்கை அல்ல, வைத்தியமே அதுதான்! வண்டி சுற்றும்போது பூமியின் காந்தம் ஒவ்வொரு பக்கமாக மாறி மாறி வரும். லாரியின் காந்தமோ லாரியோடு சேர்ந்தே சுற்றும். கருவிக்கு அது மாறாது. மாறாததைக் கழித்துவிட்டுக் கருவி சரியான திசையைக் கண்டுபிடித்துவிடும்.

ஆள் நடமாட்டம் இல்லாத வெட்டவெளி வேண்டும். கண்ணாடியில் உள்ள பித்தானைக் கையேட்டில் சொன்னபடி அழுத்திப் பிடிக்க வேண்டும். "சரிபார்" என்பதற்கான குறி தெரியும். பிறகு மணிக்கு 8 கிலோ மீட்டருக்கு மேல் போகாமல் வட்டம் போட வேண்டும். திசை எழுத்து வந்ததும் நிறுத்தலாம்.

இன்னொன்றும் உண்டு. காந்த ஊசி எல்லா ஊரிலும் உண்மையான வடக்கைக் காட்டாது. அமெரிக்காவின் மேற்குக் கோடியில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் அது கிழக்கே விலகி நிற்கும். கிழக்குக் கோடியில் உள்ள மெயின் மாநிலத்தில் மேற்கே விலகி நிற்கும். ஆகவே, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் சிலவற்றின் கையேட்டில் நாட்டை 15 வட்டாரங்களாகப் பிரித்துப் படம் போட்டிருக்கிறார்கள். தொழிற்சாலையில் 8-ம் எண்ணை வைத்து அனுப்புவார்கள். வெகுதூரம் போகிறவர்கள் அந்தந்த வட்டார எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கறுக்காவிட்டால்?

இரவில் கறுக்கவில்லையா? பின்புறக் கண்ணை ஏதாவது மறைக்கிறதா என்று பாருங்கள். பகலிலேயே கறுக்கிறதா? முன்புறக் கண்ணின்மேல் அழுக்கோ, ஒட்டுச் சீட்டோ இருக்கும். அது பகலை இரவு என்று நினைத்துவிட்டது!

ரிவர்ஸ் கியர் போட்டால் பல வண்டிகளில் கண்ணாடி தெளிந்துவிடும். அது பழுது அல்ல. பின்னால் நிற்கும் குழந்தைகூடத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வைத்த ஏற்பாடு.

சோதிப்பதும் எளிது. வண்டிக்கு மின்சாரம் வரும்படி சாவியைத் திருப்புங்கள். முன்புறக் கண்ணை விரலால் மூடுங்கள். பின்புறக் கண்ணில் டார்ச் லைட் அடியுங்கள். சில விநாடிகளில் கண்ணாடி கறுத்தால் நல்ல நிலையில் இருக்கிறது. கறுக்காவிட்டால் பியூஸையும் ஒயரையும் பார்க்க வேண்டும்.

கண்ணாடி உடைந்து உள்ளே இருக்கும் கூழ் கசிந்தால் மட்டும் எச்சரிக்கை! அதைத் தொடக் கூடாது. கையில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, டாக்டரிடம் போக வேண்டும். அப்போது புதுக் கண்ணாடி தேவை.

மற்றபடி, ஒரு துணியும் டார்ச் லைட்டும் வெட்டவெளியும் இருந்தால் போதும். பல "பழுது"கள் பைசாச் செலவில்லாமல் பறந்துவிடும்!