மழை எட்டாத உயரம்

1883 செப்டெம்பரில் இலங்கையிலும் சென்னையிலும் சில நாட்கள் சூரியன் பச்சை நிறத்தில் தெரிந்தது. பார்த்த சனங்கள் திகைத்தார்கள். ஓகஸ்ட் 27இல் யாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் நடுவே கிரக்கத்தோவா எரிமலை வெடித்திருந்தது. அதன் தூசும் கந்தகப் புகையும் மிக உயரே ஏற, அங்கு கிழக்கிலிருந்து வீசிய காற்று அவற்றைப் பூமியைச் சுற்றி இழுத்துவந்தது. அந்தத் தூசு எளிதில் இறங்கவில்லை. அடுத்த ஆண்டிலும் உலகின் பல இடங்களில் அந்திவானம் செக்கச்செவேலென்று சிவந்தது.

ஏன் இறங்கவில்லை? யாழ்ப்பாணத்து வானில் நேரே மேலே ஏறுவதாக நினையுங்கள். 16, 17 கிலோமீற்றர் வரை ஏற ஏறக் குளிர் கூடும். முடிவில் அது பூச்சியத்துக்குக் கீழே 80 பாகை செல்சியஸை நெருங்கும். மாரி மேகமும் இடிமுழக்கமும் இந்த மாறன்மண்டலத்தோடு சரி. அதற்கு மேலே படைமண்டலம். அங்கே ஏற ஏறச் சூடு கூடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று கீழேயும் சூடேறி இலேசான காற்று மேலேயும் இருப்பதால், காற்று புரளாமல் படைபடையாகக் கிடக்கிறது. மழை இல்லை. ஆகவே அங்கே போய்ச் சேர்ந்ததைக் கழுவி இறக்க எதுவும் இல்லை.

அந்தச் சூட்டைத் தருவது ஓசோன். சூரியனின் கடும் புற ஊதாக் கதிர் ஒட்சிசன் மூலக்கூறை இரண்டு அணுக்களாகப் பிளக்கிறது. பிரிந்த அணு இன்னொரு ஒட்சிசன் மூலக்கூறோடு சேர, மூன்று அணுக்கள் கொண்ட ஓசோன் பிறக்கிறது. அந்த ஓசோன் புற ஊதாவை விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. உயிரணுக்களின் டிஎன்ஏயைச் சிதைக்கக்கூடிய கதிரின் பெரும்பகுதி இப்படி மேலேயே மறிக்கப்படுகிறது.

எங்கள் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் நிலமட்டத்துக்கு இறக்கி அமுக்கினால் 3 மில்லிமீற்றர்கூடத் தேறாது. வெயில் மிகுந்த எங்கள் வெப்பவலயத்தில்தான் ஓசோன் அதிகம் உருவாகிறது. ஆனால் படைமண்டலக் காற்றோட்டம் அதைத் துருவப் பக்கமாகக் கொண்டுபோகிறது. வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நிற்பவருக்கும் குருநகர்க் கடலில் வலை இழுப்பவருக்கும் கிடைத்திருப்பது மெல்லிய குடைதான்.

அந்தக் குடையை அரித்தது, பிரிட்ஜிலும் ஏசியிலும் மனிதர் அடைத்த குளோரோபுளோரோகாபன். மழையில் கரையாத இந்த வாயு மெல்ல மேலேறி, அங்கே உடைந்து, குளோரீனை விடுவிக்கிறது. ஒரு குளோரீன் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். 1974இல் விஞ்ஞானிகளான மொலினாவும் ரோலண்டும் இதை எச்சரித்தார்கள். 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேல் ஓசோன் துவாரம் வெளிப்பட்டது. 1987 செப்டெம்பர் 16இல் இத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. 1989இல் இலங்கையும் இணைந்தது. உலகம் சொன்ன சொல்லைக் காத்ததால் ஓசோன் படை இன்று மெல்லத் தேறிவருகிறது.

பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 காஸும் ஓசோனைக் கெடுப்பதே. உங்கள் வீட்டு ஏசியைத் திருத்த ஆள் வந்தால், காஸை வெளியே திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த உயரத்துக்குப் போய்விட்டதை எந்த மாரியும் கழுவித் தராது.