குருதி கூறும் செய்தி

காட்டுமன்னார்கோயில் வட்டத்து உழவர்க்கு வடவாறு உயிர்நாடி. கொள்ளிடத்து நீரை வீராணம் ஏரிக்குக் கொணர்வது அதுவே. வண்டல் படிந்தால் ஆறு தூர்ந்து நீர்வரத்து குறையும். இதயத் தசைக்குக் குருதி கொணரும் நாளங்களும் கொழுப்புப் படிந்து அவ்வாறே அடைபடுகின்றன என்று அறிஞர் நெடுங்காலம் கருதினர்.

இவ்வொப்புமை முற்றும் பொருந்துவதன்று. ஆற்றின் கரை வெறும் மண். நாளத்தின் சுவரோ உயிருள்ளது. அச்சுவரினுள் கொழுப்புப் புகுந்தால் வெள்ளணுக்கள் அங்கே திரள, அழற்சி உண்டாகிறது. அழற்சி முற்றிப் படிவின் மேலுறை கிழியுமாயின், அவ்விடத்தில் குருதி உறைந்து நாளத்தை அடைத்துவிடும். மாரடைப்பு பெரும்பாலும் இவ்வாறே நேர்கிறது.

உடலில் எங்கேனும் அழற்சி தோன்றினால், கல்லீரல் ‘சி-ரியாக்டிவ் புரதம்’ என்னும் பொருளை மிகுதியாகக் குருதியில் விடுகிறது. 1930-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளரிடம் இதனைக் கண்டனர். நலமாயிருந்த ஆடவருள் இப்புரதம் மிகுந்தோர்க்குப் பின்னாளில் மாரடைப்பு மிகுதியாக வந்தமையை, அமெரிக்க மருத்துவர் ரிட்கர் குழுவினர் 1997-இல் வெளியிட்டனர். 2005-இல் வெளிவந்த சென்னை ஆய்வொன்றும் இதனை இதய நாள நோயுடன் தொடர்புபடுத்தியது. லிட்டருக்கு 1 மில்லிகிராமிற் குறைந்தால் இடர் குறைவு. 3-க்கு மேற்பட்டால் மிகுதி.

ஆயினும், சளிக்காய்ச்சலிலும் இப்புரதம் ஏறும். ஈறு வீங்கினும் ஏறக்கூடும். புகை தெரிகிறது, எரியும் வீடு எதுவெனத் தெரியவில்லை! ஆகவே மருத்துவர், காய்ச்சல் தணிந்து சில வாரம் சென்றபின் மீண்டும் சோதிப்பர். கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப் பழக்கம் ஆகியவற்றோடு சேர்த்தே இதனை எடைபோடுவர்.