குதிரைக்குக் கற்பிக்கும் கலை

குதிரையேற்றம் என்றவுடன் பலருக்கும் பந்தயத் திடலே நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் போட்டியை நாடாது, காட்டுவழியிலும் மலைப்பாதையிலும் இன்பத்திற்காகக் குதிரை ஊர்வோர் பலர். அவருள் சிலர் 'டிரெசாஜ்' என்னும் கலையின் தொடக்கப் பாடங்களையும் பயில்கின்றனர். அரங்கக் கலை காட்டுவழிச் செல்வோர்க்கு எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே.

டிரெசாஜ் என்பது பிரெஞ்சுச் சொல். பயிற்றுதல் என்பது அதன் பொருள். கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் செனபோன் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதினார். அச்சுறுத்திச் செய்விக்கும் அசைவில் அழகு இராது என்பது அவர் கருத்து.

இயல்பாக நிற்கும் குதிரை தன் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களிலேயே தாங்குகிறது. முதுகில் ஆள் ஏறினால் அச்சுமை மேலும் கூடும். சரிவில் இறங்கும்போதோ எடை இன்னும் முன்னே சாயும். கால் இடறவும் கூடும். பின்னங்கால்களை உடலின் கீழ் நன்கு ஊன்றிச் சுமையைப் பகிர்ந்துகொள்ளக் குதிரைக்குக் கற்பிப்பதே இப்பயிற்சியின் அடிப்படை.

முதற்பாடம் தாளம். நடையில் நான்கு அடி ஒலிக்கும். 'டிராட்' என்னும் துள்ளுநடையில் இரண்டு. 'கேன்டர்' என்னும் மென்பாய்ச்சலில் மூன்று. ஊர்பவர் இவ்வொலியைச் செவியாலும் உடலாலும் உணர்ந்து, அது பிறழாது காத்தல் வேண்டும்.

அடுத்தது வட்டம். சிறிய அரங்கு 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் உடையது. அதில் 20 மீட்டர் வட்டத்தில் இருபுறமும் மாறி மாறிச் செல்லவேண்டும். மனிதருக்கு வலக்கைப் பழக்கம் போலக் குதிரைக்கும் ஒருபுறம் எளிதாக வளையும், மறுபுறம் விறைக்கும். வட்டப் பயிற்சி இக்குறையைச் சிறிது சிறிதாகக் களையும். குதிரையின் நடையைக் 'கதி' என்றும், அதன் வட்ட ஓட்டத்தைச் 'சாரி' என்றும் நம் அகராதிகள் குறிப்பதை இங்கு நினைவு கொள்ளலாம்.

பின்னர், நிற்றல், நடத்தல், பின்வாங்கல், காலின் மெல்லிய அழுத்தத்திற்குப் பக்கவாட்டில் விலகல் ஆகியவை வரும். வழியில் விழுந்து கிடக்கும் மரத்தைச் சுற்றிச் செல்லவும், குதிரைமேல் இருந்தவாறே வேலிக் கதவைத் திறக்கவும், குறுகிய பாதையில் பின்வாங்கவும் இவையே உதவும். குதிரை இசைந்த அக்கணமே அழுத்தத்தைத் தளர்த்தல் வேண்டும். அத்தளர்வே அதற்குக் கிடைக்கும் பரிசு. தான் செய்தது சரியென அது அறிவதும் அதனாலேயே.

வலிமையால் வருவதன்று இக்கலை என்பதற்கு டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் அம்மையாரே சான்று. 1944இல் இளம்பிள்ளை வாதம் தாக்கி, முழங்காலுக்குக் கீழே அவர் செயலிழந்தார். குதிரைமேல் ஏறவும் பிறர் துணை வேண்டியிருந்தது. அதுவரை படை அதிகாரிகளுக்கே உரியதாயிருந்த ஒலிம்பிக் டிரெசாஜ் போட்டி, 1952இல் ஹெல்சிங்கியில் பெண்களுக்கும் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே 'ஜூபிலி' என்னும் பெண்குதிரைமேல் அமர்ந்து அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார், 1956இலும் வென்றார்.

காலால் உதைத்துச் செலுத்த இயலாதவர், உடலின் சமநிலையாலும் பொறுமையாலும் தம் எண்ணத்தைக் குதிரைக்கு உணர்த்தினார். மலைச்சரிவில் இடறாது இறங்க விரும்பும் எளிய பயணியும் கற்கவேண்டுவது அதுவே. கற்பிக்கும் தொழிலில் உள்ள நமக்கும் இதில் சிந்திக்க இடமுண்டு அன்றோ?