நெரிசற் கட்டணமும் ஆலோசகர் கடமையும்

முதற் குலோத்துங்கனைச் சுங்கந் தவிர்த்த சோழன் என்று தமிழகம் போற்றிற்று. இக்காலத்திலோ சில மாநகரங்கள் சாலைக்குப் புதிதாகக் கட்டணம் விதித்து, அதனாலேயே நன்மை எய்தியிருக்கின்றன. இம் முரண்பாட்டின் உட்பொருளை நாம் சிறிது ஆராய்வோமாக.

பழைய சுங்கம் அரசன் கருவூலத்தை நிரப்புதற்கு எழுந்தது. நெரிசற் கட்டணத்தின் முதல் நோக்கம் வாகன நெருக்கத்தைக் குறைத்தலாம். நெருங்கிய வீதியிற் புகும் ஒவ்வொரு காரும் பின்வருவார் அனைவருடைய காலத்தையும் சிறிது கவர்கின்றது. அவ்விழப்பிற்கு அதனைச் செலுத்துவோன் விலை கொடுப்பதில்லை. அவ்விலையை அவன் உணரச் செய்யின், அவசரமில்லாதார் வேறு நேரத்தையோ பேருந்தையோ நாடுவர். 1964-ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் ஸ்மீட் என்பவர் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை இக்கொள்கையை விளக்கிற்று. 1975-இல் சிங்கப்பூர் இதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது. காலை வேளையில் நகர நடுவிற் புகும் கார்கள் நாளொன்றுக்கு 3 வெள்ளி விலையுள்ள சீட்டைப் பெறவேண்டியிருந்தன; நால்வர் சேர்ந்து செல்லும் காருக்குக் கட்டணமில்லை.

இத்தகைய திட்டங்களை வகுக்கும் நகரங்கள் ஆலோசகரின் துணையை நாடுவது வழக்கம். வண்டிகளை எண்ணுதல், கட்டணத்தை அளவிடுதல், கருவிகளைத் தேர்ந்து சோதித்தல் முதலியன அவர்தம் தொழிலாம். ஆயின் இவ்வளவோடு அவர் கடமை முற்றுப்பெறுமோ?

ஹாங்காங் நகரில் 1983 முதல் 1985 வரை ஒரு சோதனை நடந்தது. 2,000-க்கு மேற்பட்ட வாகனங்களின் அடியிற் பொருத்திய மின்னணுத் தகடுகளைச் சாலையிற் புதைத்த கம்பிச் சுருள்கள் செவ்வனே அறிந்தன. கருவி வென்றது, திட்டமோ தோற்றது. எவர் எங்கே எப்பொழுது சென்றார் என்பதை அரசு அறிந்துகொள்ளும் என்று மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை நீக்குதற்குரிய விடை அவர்களுக்குக் கிடைத்திலது.

எடின்பரோ நகரில் 2005-இல், கட்டணத்தின் பயனை மக்கள் கண்கூடாகக் காணுமுன்னரே வாக்குக் கேட்டனர். வாக்களித்தோருள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் மறுத்தனர்.

ஸ்டாக்ஹோம் நகரின் நெறி வேறு. அங்கும் தொடக்கத்திற் பலர் எதிர்த்தனர். எனினும் 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை கட்டணத்தைச் சோதனையாக நடத்தினர். அதற்கு முன்னரே பேருந்துகளைப் பெருக்கினர். நகர எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்களவு குறைந்தன. சோதனை நின்றதும் நெரிசல் மீண்டும் மிகுந்தது. இரு நிலைகளையும் கண்ட நகரமக்கள் செப்டம்பரிற் பெரும்பான்மையாக இசைந்தனர்; 2007 ஆகஸ்டு முதல் கட்டணம் நிலைபெற்றது.

இவற்றால் நாம் அறிவது யாது? நல்ல ஆலோசகர், கருவியின் திறத்தை ஆள்வோர்க்குக் காட்டுவதோடு அமையார். திரட்டும் பணம் எதற்குச் செல்லும், பயணக் குறிப்புகள் எத்துணை நாள் இருக்கும், காரின்றி வேலைக்குச் செல்லும் வழி எது என்ற வினாக்கட்கு விடையும் வகுத்து வைப்பர். பேருந்து வசதியில்லாத இடத்திற் கட்டணம் மட்டும் விதிப்பின், செல்வர் பணத்தைக் கொடுத்து விரைந்து செல்வர். எளியவர் வழியறியாது நிற்பர். அங்ஙனம் அமையும் திட்டம் நெரிசலைக் குறைப்பினும் நீதியாகாது.

தம்மிடம் வந்த ஆயக்காரரைத் தொழிலை விடுமாறு யோவான் ஸ்நானன் பணிக்கவில்லை. விதித்த அளவிற்கு மிகுதியாகக் கொள்ளற்க என்றே அறிவுறுத்தினார். சாலைக் கட்டணம் வகுப்போரும் அவ்வறிவுரையை உளங்கொள்வாராயின், கொடுப்போரும் மனமுவந்து கொடுப்பர் என்பது நம் துணிபு.